மார்கிரட் வீட்டுத் தேயிலை

1

ஊரில் யாருக்கும் ஹோபார்ட் என்றால் தெரிவதில்லை. "ஆஸ்திரேலியா" என்பேன். "சிட்னியா, மெல்பேர்னா?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, அதற்கும் கீழே கடலில் தனியாக ஒரு தீவு இருக்கிறது, தஸ்மேனியா என்று பெயர், அதுவும் ஒரு மாநிலம், அதற்குத் தலைநகர் ஹோபார்ட் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் திருவிழாக் கதைக்குப் போயிருப்பார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உலகப்படம் வரைகிறவர்களே சில சமயம் இந்தத் தீவை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே வந்து பத்து வருடம் முடிந்துவிட்டது. ஹட்டனில் என்னோடு படித்த தோழி ஒருத்தி சிறு சஞ்சிகை நடத்துகிறாள். "பத்து வருசத்துல ஒரு வரி எழுதல நீ. கங்காருவ விட்டுட்டு வேற எதையாவது எழுதி அனுப்பு" என்றாள். ஆகவே இது ஒரு நகரத்தைப் பற்றிய குறிப்பு. நடுவில் என் அப்பா வருவார். அவரை வெளியே நிறுத்திவிட்டு இந்த நகரத்தைப் பற்றிச் சொல்ல என்னால் இப்போது முடியவில்லை.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்குக் கடல் என்பது ஒரு பள்ளிச் சுற்றுலா. கொழும்புக் காலிமுகத்திடலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. இங்கே கடல் தெருமுனையில் இருக்கிறது. பெரிய ஆறு ஒன்று அகலமாக விரிந்து, எது ஆறு எது கடல் என்று தெரியாமல் கலக்கிற இடத்தில் நகரம் உட்கார்ந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு கருத்த மலை. காலையில் அதன் தலையில் மேகம் இறங்கினால், நான் ஒரு நிமிடம் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது எனக்கே குழப்பமாகிவிடும். குளிருக்கு நுவரெலியா தோற்றது. நல்ல வெயில் நாளிலும் மலை உச்சியில் பனி விழும்.

2

இந்த நகரத்தின் கதை சிறையில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் துணி திருடியவன், ஆடு திருடியவன், எசமானி வீட்டுக் கரண்டியை முந்தானையில் முடிந்துகொண்ட வேலைக்காரி, இவர்களையெல்லாம் கப்பலில் ஏற்றி உலகத்தின் கடைசி மூலைக்கு அனுப்பினார்கள். அந்தக் கடைசி மூலைதான் இது. அவர்கள் அறுத்த கல்லில்தான் துறைமுகத்துப் பண்டகசாலைகள் எழும்பின. ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெய் நாறிய அந்தக் கட்டடங்களில் இப்போது ஓவியமும் விலை கூடிய கோப்பியும் விற்கிறார்கள். பாராளுமன்றம் நடக்கிற கட்டடம் முதலில் துறைமுகச் சுங்க அலுவலகம். பழைய செங்கற்கள் சிலவற்றில் அவற்றை அறுத்த கைதியின் பெருவிரல் தடம் அப்படியே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் தங்கள் விரலை அதில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்கும் முன்னால் இங்கே இருந்த மக்கள் இந்த இடத்தை நிபலூனா என்றும் மலையைக் குனானி என்றும் அழைத்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி இந்த நகரம் நெடுங்காலம் வாயைத் திறக்கவில்லை. இப்போது பலகைகளில் இரண்டு பெயரும் இருக்கின்றன. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பலகை சொல்வதில்லை.

தீவின் பழைய பெயர் வான் டீமன் நிலம். சிறைத்தீவு என்ற கெட்ட பெயர் அதோடு ஒட்டிக்கொண்டதால், கைதிக் கப்பல்கள் நின்ற கையோடு பெயரையே மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்றினால் பழையது போய்விடும் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. பிறகு மூன்று நான்கு தலைமுறை, எங்கள் பாட்டன் கைதி இல்லை, சொந்தக் காசில் வந்தவர் என்று வீட்டுக்கு வீடு பொய் சொன்னார்கள். இப்போது காற்று திசை மாறிவிட்டது. கைதிப் பாட்டன் ஒருவர் கிடைத்தால் கொண்டாட்டம். என் பக்கத்து வீட்டு மார்கிரட் தன் கொள்ளுப்பாட்டிக்கும் மேலே ஒருத்தி பட்டு நாடா திருடி வந்தவள் என்பதைச் சந்தித்த முதல் நாளே, தேநீர் ஆறுவதற்குள், என்னிடம் சொன்னார்.

"என் அம்மாவுக்கு இது தெரியும். சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் எல்லோரிடமும் சொல்கிறேன்" என்றார்.

மார்கிரட் எண்பதை நெருங்குகிறவர். பள்ளியில் சமையல் கற்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையே இடுப்பளவு வேலி. அந்தப் பக்கம், வேலியை ஒட்டி, கூரையைத் தொடும் உயரத்தில் ஒரு கமேலியா நின்றது. குளிர் காலத்தில் ஊரே இலை உதிர்த்து நிற்கும்போது அது மட்டும் தட்டுத் தட்டாகச் சிவப்புப் பூ பூக்கும்.

3

அம்மா இறந்த பிறகு அப்பா தனியாக இருந்தார். நான் ஒரே பிள்ளை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, பின்னால் கொஞ்சம் லீக்ஸும் கரட்டும். கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டேன் என்றவரைப் பேத்தியைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன்.

விசாவுக்குப் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். எழுத்து மாறி மாறி, அப்பாவின் அடையாள அட்டையில் ஒரு கருப்பையா, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு கருப்பையா, கடவுச்சீட்டில் மூன்றாவது கருப்பையா. மூன்று பேரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து, அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த மொழிபெயர்ப்பு சரிதான் என்று இன்னொருவர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. "என்னைய எனக்குத் தெரியும்னு ஒருத்தனும் எழுதித் தரமாட்டேங்கிறான்" என்று போனில் அலுத்துக்கொண்டார்.

ஆடியில் வந்து இறங்கினார். வந்த அன்றே, கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஒரு நிபந்தனை வைத்தார்.

"கார்த்திகைக்கு முந்தி என்னைய அனுப்பிரணும். ஒங்கம்மா தெவசத்துக்கு நான் அங்க இருக்கணும்."

"இங்கயே கும்பிடலாம்ப்பா."

"கும்பிடறது எங்கயும் கும்பிடலாம் புள்ள. புல்லு யாரு வெட்டறது?"

இதை வெளியாருக்கு விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்து மயானம் ஒரு சரிவு. தேயிலைக்கு ஆகாத நிலம் என்று ஒரு காலத்தில் ஏதோ ஒரு துரை ஒதுக்கிக் கொடுத்தது. கல்லறை கட்ட ஒருவருக்கும் வசதியில்லை, கட்டினாலும் மண் சரிந்து போகும். ஆகவே அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. புல் வெட்டியிருக்கிற இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். புல் மண்டிய இடம் அடுத்து வருகிறவருக்கு. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, சண்டையும் கிடையாது. அப்பா மாதம் ஒருமுறை அம்மாவின் இடத்தில் புல் வெட்டிவந்தார். வரும் முன்னால் பக்கத்துக் காம்பரா குமாரிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

என் எண்ணம் வேறு. அப்பாவை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். நான் முதியோர் இல்லத்தில் தாதி. ஊர் பேர் தெரியாதவர்களின் அப்பாமாரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு வருகிறேன். என் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட்டிப்போக மாட்டார்களா என்று போனில் கெஞ்சுகிறேன். இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. கார்த்திகைக்குள் அவர் மனது மாறும் என்று நம்பினேன்.

4

மனதை மாற்ற நகரத்தைக் காட்டினேன். வேலையில்லாத நாட்களில் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினோம். கணவர் கந்தப்பளைக்காரர், குளிருக்குப் பழகியவர், இருந்தும் ஞாயிறு காலையில் போர்வையை விட்டு வரமாட்டார். மகள் தர்ஷினி வருவாள்.

அப்பாவுக்கு மொழி ஒரு தடையாகவே இருக்கவில்லை. தமிழ் தெரியாதவர்களிடம் சிங்களத்தில் பேச வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நாக்கில் ஊறிய பழக்கம். அதனால் இங்கே எல்லோரிடமும் சிங்களத்தில் பேசினார். மார்கிரட்டை வேலிக்கு மேலாகப் பார்த்து, துரைசானியைக் கேட்பது போல "நோனா, கொஹொமத?" என்பார். மார்கிரட்டும் சளைக்காமல் "குட், குட்" என்பார். இருவரும் நலம் விசாரித்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

மலையடிவாரத்தில் பெண் கைதிகளை வைத்திருந்த இடம் ஒன்று இருக்கிறது. வெயில் எட்டாத ஈரப் பள்ளம். அங்கே பெண்கள் ஊருக்குத் துணி வெளுத்தார்கள், பழைய கப்பல் கயிற்றைப் பிரித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பிள்ளைகளில் பலர் செத்தார்கள். வழிகாட்டிப் பெண், காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்ட முற்றத்தைக் காட்டினாள். தர்ஷினி தமிழில் சொல்லத் திணறினாள்.

"தாத்தா, இங்க எல்லாரும் லைன்ல நிப்பாங்க. நேம் கூப்பிடுவாங்க. அப்புறம் வேலைக்கு."

"பெரட்டுக்களம்" என்றார் அப்பா. தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடத்துக்கு அதுதான் பெயர், வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "மழைக்கு ஒதுங்க இங்கயும் ஒண்ணும் கட்டல" என்றார்.

கைதிகளைப் பற்றிய குறிப்புகள் இந்த நகரத்தில் பத்திரமாக இருக்கின்றன. உயரம், கண்ணின் நிறம், கன்னத்து மரு, கையில் குத்திய பச்சை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். தர்ஷினியின் வகுப்பில் அவரவர் முன்னோரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்குக் கைதி கிடைத்துவிட்டார். இவள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நமக்குக் கைதி இல்லையா?" என்று ஏக்கத்தோடு கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, தர்ஷினியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"குத்தம் செஞ்சு கப்பல்ல வந்தவன் மூஞ்சில மரு எங்க இருந்துச்சுங்கிறது வரைக்கும் எழுதி வச்சிருக்கான். ஒரு குத்தமும் செய்யாம இந்தியாவுல இருந்து வந்த எங்க பாட்டன் பேரு யாருகிட்டயும் இல்ல. மன்னார்ல எறங்கி மலைக்கு நடந்து வர்ற வழியிலயே விழுந்தவங்க எத்தன பேரோ. எழுதிக்க பாப்பா, அப்பிடியே எழுதிக்க."

அவள் எழுதவில்லை. தேயிலை எப்படித் தயாராகிறது என்று இணையத்தில் பார்த்து எழுதிக் கொடுத்தாள். நல்ல புள்ளி கிடைத்தது. என் பிள்ளைக்கும் தேயிலைக்கும் உள்ள உறவு இப்போதைக்கு அவ்வளவுதான். நான் வற்புறுத்துவதில்லை.

இன்னொரு நாள் துறைமுகத்திலிருந்து மேலேறிப் பழைய பூங்காவுக்குப் போனோம். பெரிய மரங்கள், பச்சைப் புல்வெளி, அலுவலகக்காரர்கள் மதிய உணவோடு படுத்திருந்தார்கள். ஓரத்தில் மணற்கல் சுவர்கள், அவற்றில் வரிசையாகப் பதித்த கல்லறைக் கற்கள். இந்த நகரத்தின் முதல் மயானம் இதுதான். கவனிக்க ஆளில்லாமல் பாழாகப் போய், கடைசியில் கற்களை எடுத்துச் சுவரில் பதித்துவிட்டு இடத்தைப் பூங்காவாக்கினார்கள்.

"கல்லத்தான் எடுத்தாங்களா? ஆளுக?"

"ஆளுக பெரும்பாலும் கீழதான்ப்பா இருக்காங்க."

அப்பா நடையை நிறுத்திவிட்டார். செருப்பைக் கழற்றினார். அந்தக் குளிரில் வெறும் காலோடு புல்லில் நின்றார். சற்றுத் தள்ளி ஒருவர் இயந்திரத்தில் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா அதை நெடுநேரம் பார்த்தார்.

"பரவால்ல. புல்லு நல்லா வெட்டறாங்க" என்றார்.

5

குளிர் முடியும் காலத்தில் மார்கிரட் தன் மகனைப் பார்க்க வடக்கே லோன்செஸ்டனுக்குப் போனார். பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் தந்திருந்தார். அந்த வாரத்தில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது, அப்பா வேலியைக் காட்டினார்.

"நோனா வீட்டுத் தேயில ஏன் இப்பிடி மரமாப் போச்சு?"

"அது தேயிலை இல்லப்பா. கமேலியான்னு பூச்செடி."

"எலையப் பாரு புள்ள. வெளிம்பப் பாரு. பூவு வேற நெறமா இருந்தா சாதி மாறிருமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டும் ஒரே குடும்பம் என்று புத்தகமும் சொல்கிறது. "ஏன், வெட்ட ஆளில்லையா?" என்றார். "அவங்க தனி ஆளுப்பா. வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலை இயல்பில் மரம். குறித்த காலத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் அது செடியாக நிற்கும். அந்த வெட்டுக்குக் கவ்வாத்து என்று பெயர். ஓர் இடத்தில் தேயிலை மரமாகி நிற்கிறது என்றால், அந்த மலையைக் கைவிட்டுவிட்டார்கள், ஆளில்லை, அல்லது ஆள் செத்துவிட்டது என்றுதான் எங்கள் கண் படிக்கும். அப்பா இளமையிலிருந்து கவ்வாத்துக்காரர். ஒரு விதவையின் கொல்லையில் கைவிடப்பட்ட தேயிலை நிற்கிறது. தினமும் நலம் விசாரிக்கிற மனுசி. அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவரால் செய்யாமல் இருந்திருக்கவும் முடியாது.

மாலையில் வந்து பார்த்தேன். கமேலியா இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. முழங்கால் உயரத்தில் மொட்டைக் கிளைகள், எல்லாம் ஒரே மட்டம், ஒரே சரிவான வெட்டு. மொட்டும் பூவுமாக வெட்டிய கிளைகள் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அடியில் உடைத்த தேங்காய் மூடி இரண்டு, சூடம் எரிந்த கருப்பு, ஒரு கல்லில் குங்குமம். கவ்வாத்துத் தொடங்கும் நாளில் சாமி கும்பிட்டுத்தான் கத்தி எடுப்பார்கள். அந்த முறையிலும் ஒரு குறை வைக்கவில்லை. என் கணவரின் மரமறுக்கும் வாளைத் துடைத்து எண்ணெய் பூசி இருந்த இடத்திலேயே வைத்திருந்தார்.

"நோனா வந்தா சந்தோசப்படும்" என்றார் அப்பா. கை முழுக்கக் கீறல்.

 மார்கிரட்டுக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

6

மூன்றாம் நாள் மார்கிரட் வந்தார். கார் நின்றது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் வேலிக்குப் போனேன். அவர் அந்த மொட்டைக் கிளைகளுக்கு முன்னால் நின்றிருந்தார், கையில் இன்னும் பெட்டி.

நான் உளறினேன். தேயிலை, கவ்வாத்து, என் தந்தை, தப்பாக நினைத்துவிட்டார், எவ்வளவு என்றாலும் புதுச் செடி வாங்கி நட்டுத் தருகிறேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரொன் இதற்குக் கீழேதான் இருக்கிறான்" என்றார்.

ரொன் அவர் கணவர். எரித்த சாம்பலைச் சடங்கு எதுவுமில்லாமல், அவர் நட்ட கமேலியாவின் அடியிலேயே இவர் கையால் இட்டு மூடியிருக்கிறார். பாதிரியார் வேண்டாம், பாட்டு வேண்டாம் என்பது ரொன்னின் விருப்பமாம். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு அது தெரியாது. இந்த நகரத்தில் பட்டு நாடா திருடிய பாட்டியைப் பற்றி முதல் நாளே சொல்வார்கள். புருசனை எங்கே வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

அவர் கீழே பார்த்தார். "அந்தத் தேங்காய் எதற்கு?"

"வெட்டும் முன்னால் கும்பிடுவது எங்கள் வழக்கம். செடியிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்."

மார்கிரட் குனிந்து ஒரு மூடியைக் கையில் எடுத்தார். "ரொன் தேங்காயைத் தொடவே மாட்டான்" என்றார். அவர் முகம் சிரிப்பதற்கும் அழுவதற்கும் நடுவில் நின்றது. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரைச்சீலையும் மூடிக்கொண்டது.

அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொதகுழி மேல ஏறி நின்னா வெட்டினேன்?"

"ஒங்களுக்குத் தெரியாதுல்லப்பா."

"அந்தாளுக்குத் தெரியுமே புள்ள. அடியில கெடந்தவருக்கு."

இரவு சாப்பிடவில்லை. காலையில் அவரே முடிவைச் சொன்னார். "தளுரு வர்ற வரைக்கும் நான் போகமாட்டேன். வெட்டுனவன் தளுரு பாக்காமப் போனா அது கவ்வாத்து இல்ல, கொல."

தளுரு என்றால் வெட்டிய கட்டையில் விடும் புதுத் தளிர். நான் இரண்டு மாதமாகக் கெஞ்சியும் நடக்காதது ஒரு வெட்டில் நடந்துவிட்டது. பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டேன். விசாவில் இன்னும் காலம் இருந்தது.

7

பிறகு அப்பாவின் நாட்கள் வேலியோரம் கழிந்தன. காலையில் தேநீரோடு போய் நிற்பார். மொட்டைக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடற்காற்று கடுமையாக அடித்தால் சாக்கைக் கட்டிவிடுவார். மார்கிரட் முதல் சில வாரம் வெளியே வரவில்லை. பிறகு வந்தார், பேசவில்லை. பிறகு ஒருநாள் தன் பக்கம் ஒரு நாற்காலியும், வேலிக்கு மேலாகத் தூக்கி எங்கள் பக்கம் ஒரு நாற்காலியும் போட்டார். இருவரும் அந்தக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு நோயாளியின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உறவினர் உட்காருவது போல. தினமும் நான் பார்க்கிற காட்சிதான்.

துறைமுகத்தில் தென்துருவத்துக்குப் போகிற கப்பல் கிளம்பும் நாளும் வந்தது. வசந்தம் வந்து ஊரே பூத்தது. கமேலியா மட்டும் கட்டையாகவே நின்றது. கார்த்திகை பிறந்தது. அம்மாவின் தெவசம் வந்தது. அப்பா அறைக்குள் சூடம் கொளுத்தப்போக, புகை எச்சரிக்கை மணி கத்தி, தர்ஷினி நாற்காலியில் ஏறித் துவாலையால் விசிறினாள். அம்மாவுக்கு அன்று நடந்த மரியாதை அவ்வளவுதான்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாளில் ஊரிலிருந்து லெட்சுமி அக்கா அழைத்தார். எங்கள் லயத்தில் அடுத்த வாசல். சுற்றி வளைத்துப் பேசினார். மழை, அடைமழை, குமார் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் மூன்று மாதமாகிறது, சொல்லாமல் போய்விட்டான், அப்பாவோடு மலையில் வேலை செய்த வேலாயுதம் அண்ணன் தவறிவிட்டார்.

"எடுத்துட்டாங்களா?" என்றேன்.

"எடுத்துட்டாங்க தங்கச்சி. அதத்தான் சொல்ல வந்தேன். புல்லு ஆளு ஒசரம் நின்னுச்சு. பாதி வெட்டின பெறகுதான் இது ஒங்கம்மா எடம்னு கூட வந்த பெரியசாமி சொன்னாரு. மழ கொட்டுது, பொணம் நனையுது. என்னா செய்யறது, அங்கயே வச்சுட்டாங்க. அப்பாகிட்ட நீயே சொல்லு, எனக்கு வாய் வரல."

நான் சொன்னேன். தாதியாக எத்தனையோ பேரிடம் எத்தனையோ செய்தி சொன்ன வாய்தான், இருந்தும் இதை மூன்று தடவை தொடங்க வேண்டியிருந்தது.

அப்பா கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. "வேலாயுதமா?" என்றார்.

"ஆமாப்பா."

"மலையில என் நெரைக்கு அடுத்த நெர எப்பவும் அவன்தான்."

பிறகு கம்பளியை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு இருந்த ஆறடியும் போய்விட்டது. அந்த அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பிப் போக அவருக்கு இனி அங்கே ஒன்றும் இல்லை. என் அப்பா என்னோடு இருப்பார்.

8

மார்கழிக் கடைசியில், இங்கே நல்ல கோடையில், மார்கிரட் வேலியில் நின்று கத்தினார். "கரு! கரு!" கருப்பையாவில் அவருக்குப் பிடிபட்டது அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் ஓடினோம். ஒரு கட்டையின் பக்கவாட்டில், பட்டையைக் கிழித்துக்கொண்டு, செம்மண் நிறத்தில் நெல்மணி அளவு ஒரு முளை. இன்னொரு கட்டையில் இரண்டு. மற்றக் கட்டைகளில் ஒன்றுமில்லை, அவற்றில் சில இனி வரவும் போவதில்லை என்று அப்பாவே சொன்னார். முன்பு போல் கூரையைத் தொட இன்னும் பல வருடம் ஆகும். அதைப் பார்க்க மார்கிரட் இருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

மார்கிரட் அன்று என்னிடம் அப்பாவின் மனைவியைப் பற்றிக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "அவர் பெயர் என்ன?" என்றார். இந்தப் பத்து வருடத்தில் இந்த நகரத்தில் அம்மாவின் பெயரைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"மாரியாயி."

அவர் அதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. ஆனாலும் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள் தந்தை இங்கேயே இருக்கட்டுமே" என்றார் மார்கிரட். "இதைப் பார்த்துக்கொள்ள எனக்கும் ஆள் வேண்டும்."

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். எனக்கு அது சம்மதம் போலத் தெரிந்தது. அன்று முழுவதும் மனதுக்குள் அவருக்கு அறை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன், தர்ஷினியின் பழைய மேசையை எங்கே தள்ளுவது என்பது வரைக்கும்.

மாலையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தன்னுடையதை மட்டும் தனியாக.

"டிக்கட்டப் போடு புள்ள."

"இனிப் போய் என்னப்பா செய்யப் போறீங்க? அம்மா எடந்தான் போயிருச்சே."

"எங்க போச்சு? அங்கதான் இருக்கா. வேலாயுதமும் இருக்கான். பாவம், அவனுக்கு யாரு இருக்கா?" சட்டையின் கையை நேராக்கி மடிப்பைக் கையால் அழுத்தினார். "ரெண்டு பேரு எடமாப் போச்சு. புல்லு வெட்டணும்ல?"

அன்றிரவே டிக்கட் போட்டேன்.